பெரிய கால்களுக்கு ஒரு பனிப்பலகை

நவம்பர் 18, செவ்வாய்.
இன்றைய தவறு: கடைக்கு வந்தவரை உட்கார வைத்துக் காலை அளந்தேன். நிற்க வைத்து அளந்திருக்க வேண்டும். சின்னத் தவறுதான் என்று நினைக்கிறேன்.

மோகனப்பிரியா பேனாவை மூடினாள். மறுபடி திறந்து, கடைசி வரியை அடித்தாள். சின்னத் தவறா அது?

பகலில் அவளுக்கு ஆர்.எஸ்.புரத்தில் வேலை. பனிமலைப் பயணச் சாமான்கள் விற்கும் கடை. மாலையில் பாலிடெக்னிக்கில் அளவியல் வகுப்பு. தினமும் தான் செய்த ஒரு தவறைத் தேதி போட்டு எழுத வேண்டும் என்பது அந்த வகுப்பின் விதி. மற்றவர்கள் வாரக் கடைசியில் மொத்தமாகக் கற்பனை செய்து எழுதிவிடுவார்கள். பிரியாவுக்கு மட்டும் தினமும் மூன்று நான்கு தேறிவிடும்.

இன்று ஆசிரியர் ஒரு ஸ்பிரிங்கை வெறுமனே அளந்தார். பிறகு எடையை ஏற்றி அளந்தார். இரண்டு அளவும் ஒன்றாக இல்லை.

"வேலை செய்யறப்ப அது மேல சுமை இருக்கும். சுமை இல்லாம எடுத்தா அது அளவே இல்லைங்க," என்றார்.

பிரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ... அந்தக் கால்!

காலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவன் வந்தான். வாசல் நிலையில் இடிக்காமல் தலையைக் குனிந்து... இமையில் தொங்கிய மழைத்துளிகளோடு. ஒரு நொடி அவளைப் பார்த்த கண்கள் மறுநொடி தரைக்குப் போய்விட்டன. இத்தனை உயரமான ஆளுக்கு இத்தனை கூச்சமா?

"ஏனுங்க... ஸ்னோபோர்டு வேணுமுங்க. பூட்சும். ஆனா என் காலுக்குக் கிடைக்காதுன்னு நினைக்கிறேன்."

"முதல்ல உக்காருங்க. பாத்துரலாம்."

வந்தவரை நிற்க வைத்தா பேசுவார்கள்? வளர்த்த விதம் அப்படி. அங்கேதான் தவறு தொடங்கியது.

பெயர் மிதுன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பும் கொப்பரை காயவைக்கும் களமும். போன ஜனவரியில் பதினான்கு நாள் பனிச்சறுக்குப் பயிற்சிக்குப் பணம் கட்டி காஷ்மீர் வரை போயிருக்கிறான். அங்கே வாடகைக்கு இருந்த ஒரு பூட்சும் அவன் காலில் ஏறவில்லை. பதினான்கு நாளும் பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் சறுக்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறான்.

"களத்துல எனக்குப் பேரே 'பெஞ்சு மிதுன்'தானுங்க. இந்த ஜனவரியும் அப்படி ஆச்சுன்னா இந்த ஆசையையே உட்டுப்போடுவேன்."

சிரிப்பு வந்தது பிரியாவுக்கு. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. விளையாட்டாகச் சொல்லவில்லை அவன்.

மண்டியிட்டு, டேப்பை எடுத்து, அவன் குதிகாலைப் பிடித்தாள்.

தடால்! ஸ்டூல் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

"ஐயையோ! காலத் தொடாதீங்க!"

அவள் கை அந்தரத்தில் நின்றது. அவனோ ஏதோ பாவம் செய்தவன் போலக் கைகூப்பிக்கொண்டிருந்தான்.

"ஒரு பொம்பளப்புள்ள கையில காலைக் குடுக்கறதா... எங்கம்மா கேட்டாக் கொன்னுபோடுமுங்க."

"தொடாம எப்படிங்க அளக்கறது? ஜோசியம் பாத்தா?"

"பேப்பர் குடுங்க... நானே வரஞ்சுக்கறேன்."

மறுபடி உட்கார்ந்து, குனிந்து, வலது காலைச் சுற்றி அவனே கோடு போட்டான். இருபத்தொன்பதரை சென்டிமீட்டர். கடைக்கு வந்தவர்களில் இவ்வளவு பெரிய காலை அவள் பார்த்ததில்லை. படபடப்பில் இடது காலைக் கேட்கக்கூட மறந்துவிட்டாள்.

கடையிலிருந்த பலகை ஒன்றின் மேல் ஒரு ஜோடி பூட்சைக் குறுக்கே வைத்துக் காட்டினாள். "இப்படித்தானுங்க நிக்கோணும். காலு பெருசுன்னா பூட்ஸ் முனை பலகைக்கு வெளிய நீட்டிக்கும். திரும்பறப்ப அது பனியில உரசி, ஆளையே தூக்கி வீசிப்போடும். அதனால உங்களுக்கு நடு அகலம் அதிகமான பலகை வேணும். பூட்ஸ் பெருசா இருந்தாலும் ஆகாது, குதிகால் தூக்கும். உள்ள விரல் முனை லேசாப் படோணும், மடங்கக் கூடாது."

"இந்தக் காலுக்கும் பலகை செய்யறாங்களா?"

"செய்யறாங்க. டெல்லியில இருந்து வரவழைக்கலாம்."

அவன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கண்களில் இருந்த ஆச்சரியம்... பிரியா ஆர்டர் படிவத்தில் தேதியைத் தப்பாக எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள்.

அந்த ஆர்டர் நாளை பகல் பன்னிரண்டு மணிக்கு டெல்லியில் பெட்டியில் அடைக்கப்படும். அடைத்துவிட்டால் மாற்ற முடியாது. வகுப்பு முடிந்ததும் அவன் எண்ணுக்கு ஆறு முறை அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

புதன் காலை, முதலாளி கோவிந்தராஜுலுவிடம் தவறை அப்படியே சொன்னாள்.

"ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தா என்ன ஆயிரும்?" என்றார் அவர்.

"மறுபடியும் பெஞ்சுதானுங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டுக்கு முன்னாடி எனக்கு ஃபோன் வரோணும். கிளம்பு."

உக்கடத்தில் பஸ் ஏறினாள். வழியெல்லாம் மழை. மழைக்கு அந்தப் பக்கம் தென்னைகள். தப்பு என்னுடையது, அதனால் போகிறேன்... வேறொன்றுமில்லை. கிணத்துக்கடவு தாண்டும்வரை இதையே சொல்லிக்கொண்டாள்.

பில்லில் இருந்த முகவரி சரியாகவே இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால், எதிரில் மிதுனின் அம்மா நஞ்சம்மாள். அவர் பார்வை பிரியாவின் முகத்துக்கு வரவேயில்லை. செருப்பிலேயே நின்றது.

"அடேயப்பா! இத்தாம் பெரிய செருப்பா!"

பிரியா பேன்ட் ஓரத்தைக் கீழே இழுத்துவிட்டாள்.

ஆண்கள் செருப்பு அது. பத்தாம் நம்பர். இரண்டு வருடம் முன்பு தாராபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், காப்பி குடித்து முடித்தபின் சொன்னார்கள்: 'புள்ள லட்சணந்தான். காலுதான் ஆம்பளக் காலு.' அன்றிலிருந்து தரையைத் தொடும் பேன்ட்தான் அவள் போடுவது. இங்கேயுமா?

"நான் கடையில இருந்து வாரேனுங்க," என்றாள். குரலை இரும்பாக்கிக்கொண்டாள். "அளவு மட்டும் எடுத்துட்டுப் போயிடறேன்."

களத்திலிருந்து மிதுன் வந்தான். அவளைக் கண்டதும் தலையில் இருந்த கூடை சரிந்து, கொப்பரை முற்றமெல்லாம் உருண்டது.

"நீங்களா! இந்த மழையில!"

"நேத்து எடுத்த அளவு தப்பு. என்னோட தப்பு. செவுத்துல குதிகாலை ஒட்டி நில்லுங்க. ரெண்டு காலும்."

"மறுபடியும் தொட..."

"நான் தொட மாட்டேன். ஸ்கேல்தான் தொடும்."

வலது கால், முப்பது புள்ளி மூன்று. இடது கால்... அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். முப்பது புள்ளி எட்டு! உடம்பின் பாரம் இறங்கியதும் பாதம் இப்படியா விரியும்? இரண்டு காலில் இத்தனை வித்தியாசமா? நேற்றைய அளவில் பூட்ஸ் வந்திருந்தால் விரலே உள்ளே போயிருக்காது.

மணி பதினொன்று நாற்பது. கோவிந்தராஜுலுவை அழைத்தாள். "பூட்ஸ் முப்பத்தொண்ணு. பலகை நடு அகலம் இருபத்தேழு. பூட்சைப் பலகையோட இறுக்கற பட்டை பெரிய சைஸ்." ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது. மாற்றியாகிவிட்டது.

வேலை முடிந்தது. யாரையும் பார்க்காமல் செருப்பில் காலை நுழைத்தாள்.

"கண்ணு, நில்லு."

நஞ்சம்மாள் கிட்டே வந்தார். "இதை எந்தக் கடையில வாங்கினே? இவனுக்குக் கோயமுத்தூரு, மேட்டுப்பாளையம்னு ஏறாத கடையில்லை. எனக்கும் நாப்பது வருசமாத் தேடறேன்." சேலை ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினார். "பாரு!"

பிரியா பார்த்தாள். அவளுடையதைவிட ஒரு விரற்கடை பெரிய பாதம்! கேலியென்று நினைத்தாளே... ஆசையாகக் கேட்டிருக்கிறார்.

"ஆம்பளைங்க கடையிலதானுங்க," என்றாள். சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பஸ் நிறுத்தம் வரை மிதுன் குடை பிடித்து வந்தான். குடை முழுக்க அவள் பக்கமே இருந்தது. அவன் ஒரு தோள் நனைந்து ஒழுகியது.

"உங்க ஃபோன் ஏனுங்க கிடைக்கல? நேத்து ஆறு தடவை..."

"அது..." அவன் காது சிவந்தது. "உங்களைக் கூப்பிடலாம்னு பலதடவை எடுத்தனுங்க. என்ன பேசறதுன்னு தெரியல. கை சும்மா இருக்க மாட்டேங்குதுன்னு அணைச்சு வெச்சுட்டேன்."

பிரியா நடுரோட்டில் நின்றுவிட்டாள். "அடப்பாவி! அதனாலயா நான் பஸ் ஏறி வந்தேன்!"

"ஆமாங்க," என்றான் பரிதாபமாக. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குதுங்க. என்ற காலைப் பாத்துச் சிரிக்காதவங்க ஆருமில்ல. நீங்க அதுக்காக மழையில வந்திருக்கீங்க."

தூரத்தில் பஸ் விளக்கு தெரிந்தது. எப்போதும்போலப் பிரியாவுக்குச் சந்தேகம் வந்தது... இன்று அது தங்காமல் போய்விட்டது.

"எதையும் ஒரு தடவை அளந்தா எனக்கு நம்பிக்கை வராதுங்க. திரும்பத் திரும்பச் சரிபாப்பேன்."

"சரி... பாத்தாச்சுங்களா?"

"உக்கடத்துல இருந்து பாத்துட்டே வாரேன்." குரல் மழையில் கரைந்தது. "ஒவ்வொரு தடவையும் அதேதான் வருது. எனக்கும் பிடிச்சிருக்குதுங்க."

அவன் குடையைக் கீழே போட்டுவிட்டான். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தார்கள்.

நவம்பர் 19, புதன்.
நாளை செய்ய வேண்டியது: காலை ஏழு மணிக்கு, அப்பா மில்லுக்குக் கிளம்பும் முன், மிதுனைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும்.