கொசுறு மூச்சு

ஒரு மூச்சுக்கு என்ன விலை? தரகரைக் கேட்டால் சல்லிக்காசு இல்லை என்பார். அவருக்கு அது கொசுறாக வந்தது.

போட்டித் தரகர் போய்ச் சேர்ந்ததும் அவர் மனைவி தேக்கு அலமாரியை விற்றாள். பேரத்தையும் மூச்சையும் ஒரே மாதிரி இழுத்ததால் சந்தையில் அந்த மனிதருக்கு ‘இழுப்பு’ என்றே பெயர். பாதி விலைக்கு முடித்த பிறகும் நம் தரகரின் நாக்கு சும்மா இருக்கவில்லை.

“கொசுறு ஒண்ணும் இல்லியாம்மா?”

“சட்டை எடுக்கத் திறந்தவரு அப்படியே உள்ள சாஞ்சுட்டாரு, அண்ணே. அவரு கடைசி மூச்சு அதுலதான் இருக்கு. வேணும்னா எடுத்துட்டுப் போங்க.”

“சும்மா வந்தா விடுவேனா?” என்று சிரித்தார்.

வீட்டில் அந்த அலமாரியைச் சுருட்டு கெடாமல் வைக்கும் பெட்டகமாக்கினார். உள்ளே தேவதாருப் பலகை, கதவுக்குக் கண்ணாடி, இடுக்கெல்லாம் ரப்பர், பின்னால் சின்ன விசிறியும் குளிர்விக்கும் தகடும். சூடு பதினெட்டு டிகிரி, ஈரம் எழுபது சதவீதம், காட்ட ஒரு ஈரமானி. கூடினால் சுருட்டு பூசணம் பூக்கும், குறைந்தால் நொறுங்கும்.

மழைக்கு இருண்ட பிற்பகல். பெட்டகத்துக்கு ஈரம் தரும் தண்ணீர்த் தட்டை நிரப்பக் குவளையோடு வந்தவர் நின்றார். தட்டு காய்ந்து கிடந்தது. ஆனாலும் ஈரமானியின் முள் எழுபதில் நின்றது.

தேவதாரு வாசனைக்கு அடியிலிருந்து இருமல் மருந்தும் பழைய சட்டைக் காலரும் கலந்த வாடை மெல்ல எழ, கண்ணாடி உள்ளிருந்து பனித்து, தெளிந்து, மறுபடி பனிக்க, விசிறிச் சத்தம்தான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு அவர் பிளக்கைப் பிடுங்கியும், தொண்டையில் மாட்டி மாட்டி வந்த அந்த நீண்ட இழுப்பு நிற்கவில்லை. கண்ணாடியைத் தொட்டார். வெதுவெதுப்பு. மனிதச் சூடு.

“ஏங்க...” பக்கத்து அறையில் படுத்திருந்த தரகரின் மனைவி. “ஜன்னலைத் திறங்களேன். மூச்சு முட்டுது.”

“திறந்துதான் இருக்கு.”

கண்ணாடி பனித்தது. அவள் திணறினாள். தெளிந்தது. அவளுக்கு மூச்சு வந்தது. பனித்தது.

தெளியவில்லை.

அவள் கட்டிலைத் தட்டும் சத்தம் மட்டும்.

தரகர் கண்ணாடியில் அறைந்தார்.

“டேய் இழுப்பு! கொசுறா வந்தவன் கடையையே கேக்குறியா? உயிரோட இருந்தப்பவே எங்கிட்ட ஜெயிச்சதில்ல நீ. அவ மூச்சு விற்பனைக்கில்ல. பேசறதுன்னா எங்கிட்டப் பேசு!”

கதவை இழுத்துத் திறந்து முகத்தை உள்ளே நீட்டினார்.

இருட்டு. சூடு. உதட்டின் மேல் உதடு.

பிய்த்துக்கொண்டு பின்வாங்கிக் கதவை அறைந்து சாத்தினார்.

“அப்பாடா...” பக்கத்து அறையில் அவள் நீளமாக மூச்சு வாங்கினாள். “இப்பத்தாங்க காத்து வருது.”

ஜெயித்தேன் பார் என்று சிரிக்கப் பார்த்தார். சத்தம் வரவில்லை. கண்ணாடியில் வாயைப் பதித்து ஊதினார். வெளிப்பக்கம் பனிக்கவில்லை. உள்பக்கம், அவர் வாய்க்கு நேராக, பனித்தது.

முறைத்தபடியே நின்றார். நெஞ்சு அசையவில்லை.

வீட்டில் ஆள் இரண்டு. மூச்சும் இரண்டு: ஒன்று கட்டிலில், ஒன்று பெட்டகத்தில். கணக்கு நேர்.