பெற்றுக்கொண்டவர் கையெழுத்து

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, மாத்திரை டப்பாவில் புதன்கிழமையின் மூடி திறந்து கிடந்தது.

செவ்வாயின் மூடி ஒழுங்காக மூடியே இருந்தது. பிரஷருக்கு வெள்ளை, சர்க்கரைக்கு நீளமானது, இதயத்துக்கு மிளகளவு மஞ்சள், மூன்றும் உள்ளே சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. நாளைய காலை அறைதான் காலி. அடியில் கொஞ்சம் ஈரம், யாரோ விரலை நக்கித் துடைத்தெடுத்ததைப் போல.

அவர் நாற்பது வருஷம் இயந்திர உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். அவருக்குத் தெரியாமல் அங்கே ஒரு ஈ முட்டை இட்டதில்லை. முதலாளியே வந்து நின்றாலும் கையெழுத்து இல்லாமல் ஒரு நட்டு வெளியே போகாது. பாதிக் கம்பெனி அவரைத் திட்டியது. மீதிப் பாதி கையெழுத்துப் போட்டுவிட்டுத் திட்டியது. அப்பேர்ப்பட்டவர்தான் போன மாதம் பிரஷர் மாத்திரையை இரண்டு தடவை விழுங்கிவிட்டுக் குளியலறையில் மல்லாந்தார். அன்றைக்கு வந்ததுதான் நாளுக்கு மூன்று வீதம் இருபத்தொரு மூடிகள் கொண்ட இந்த டப்பா.

பத்து மணிக்கு மகள் போன் செய்தாள்.

"மாத்திரை?"

"ஆச்சு."

"பொய் சொன்னா உங்க குரல் ஆபீஸ் குரலாயிடும்ப்பா. சனிக்கிழமை வந்து அட்டையை எண்ணுவேன். ஒண்ணு குறைஞ்சாலும் அந்த முதியோர் இல்லம்தான். ரூம் பாத்தாச்சு, ஜன்னலெல்லாம் இருக்கு."

"ஜன்னலை நீயே வெச்சுக்கோ. நான் இந்த வீட்டைவிட்டு நகர்றதா இல்ல."

போனை வைத்துவிட்டு எண்ணினார். அட்டைகளையும் டப்பாவையும் மூன்று முறை கூட்டிக் கழித்தார். அவர் சாப்பிட்டது சரியாகத்தான் இருந்தது. மூன்று மாத்திரை மட்டும் எங்கேயும் இல்லை. அட்டையிலிருந்து எடுத்துப் புதனை நிரப்பினார்.

புதனன்று வியாழனின் காலையும் மதியமும் காலி. வியாழக்கிழமை, டப்பாவை மேசை நடுவில் வைத்துவிட்டு, எதிரே நாற்காலி போட்டு, எல்லைக் காவலனைப் போல விறைப்பாக உட்கார்ந்தார். வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் மெல்ல இழுத்துக்கொண்டு போயிற்று; குளிர்சாதனப் பெட்டி உறுமி அடங்கியது; எங்கிருந்தோ, மழையில் நனைந்த அட்டைப்பெட்டிகளை வருஷக்கணக்கில் பூட்டி வைத்த அறையின் வாசனை வந்து அவர் மூக்கருகே நின்றது. ஒரே ஒரு தும்மல். கண் மூடித் திறக்கும் நேரம்.

டக். டக். டக்.

வெள்ளியின் மூன்று மூடிகளும் திறந்திருந்தன. டம்ளரில் தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்த இன்னொரு நாற்காலியின் மெத்தை, யாரோ அப்போதுதான் எழுந்து போனதைப் போல, மெல்ல, மெல்ல உப்பிக்கொண்டிருந்தது.

அவர் மேசையை ஓங்கித் தட்டினார்.

"யாருடா நீ? என்னோட ஸ்டோர்லயே கை வைக்கிறியா? திருடறதா இருந்தாலும் கையெழுத்துப் போட்டுட்டுத் திருடு!"

சொன்னதோடு விடவில்லை. பழைய நோட்டில் கோடு போட்டார்: பொருள், எண்ணிக்கை, வழங்கியவர், பெற்றுக்கொண்டவர். மேலே கொட்டை எழுத்தில் அவருடைய கிடங்குச் சட்டத்தையும் எழுதினார்: 'இரண்டு கையெழுத்தும் விழுந்தால் பொருள் போயே ஆக வேண்டும்.' பேனாவைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை சனியின் மூடிகள் மூன்றும் திறந்திருந்தன. நோட்டில், மாத்திரை என்று எழுதி எண்ணிக்கையும் போட்டிருந்தது. பெற்றுக்கொண்டவர் கட்டத்தில், எலி நகத்தால் பிறாண்டியது போல் ஒரு கையெழுத்து.

"மாட்டினியா!" என்று குதித்தார். மகளிடம் காட்ட இதைவிடச் சாட்சி வேண்டுமா? அந்தக் குஷியில், நாற்பது வருஷப் பழக்கத்தில் கை தானாகப் போய், வழங்கியவர் கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டது. பெரிய சுழி, நீண்ட வால், அடியில் இரண்டு புள்ளிகள்.

வாசனை குனிந்து பார்த்தது. அப்படித்தான் இருந்தது அவருக்கு, தோளுக்கு மேலே.

பத்து மணி. போன் அடித்தது.

"நாளைக்கு வர்றேன்ப்பா. எல்லாம் சரியா இருக்கா?"

"வா, வா. கணக்கு கண்ணாடி மாதிரி இருக்கு. வந்து பாத்துட்டு அந்த ரூமை வேற எவனுக்காவது குடுக்கச் சொல்லு."

திரும்பி வந்தார். நோட்டில் இன்னொரு வரி இருந்தது. மை காயவில்லை.

பொருள்: வீட்டுக்காரர்.

எண்ணிக்கை: ஒன்று.

பெற்றுக்கொண்டவர்: அதே பிறாண்டல்.

வழங்கியவர் கட்டம் மட்டும் காலி.

அவர் சிரித்தார். பல் செட் ஆடியது, ஆனாலும் சிரித்தார். "யார்கிட்ட? வழங்கியவர் கையெழுத்து இல்லாம இந்த வாசலைத் தாண்டி ஒரு ஆணி போகாது. நான் போட மாட்டேன். போடவே மாட்டேன்!"

பேனாவை மூடினார். சட்டைப் பையில் குத்தினார். நோட்டை மூடி நாற்காலியில் வைத்து, அதன்மேல் அழுத்தமாக உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டார்.

அமைதி.

குளிர்சாதனப் பெட்டியும் அடங்கிவிட்டது.

பிறகு, அடியில், மூடிய தாளுக்குள், கீறல் சத்தம். பேனா முள்ளின் சத்தம். வேட்டியின் வழியே அவருக்கு உறைத்தது.

பெரிய சுழி.

நீண்ட வால்.

ஒரு புள்ளி.