பத்து மணி மாத்திரை

மாட்டுங்காவில் மூன்று நாளாக மழை விடவில்லை. வாசல் மணி அடித்தபோது சங்கரன் காயாத வேட்டியை பால்கனிக் கொடியில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தால் சஃபீனா நின்றாள். அவளுக்குப் பின்னால் நனைந்த முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள்.

சஃபீனா தாராவிக்காரி. செம்பூரில் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. சங்கரன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சர்க்கரை பார்க்க மாதாமாதம் ரத்தம் எடுக்க வந்த சஃபீனா, பழைய வழக்குகளைக் கேட்டுக் கேட்டு, எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்கும் சிஷ்யையாகிவிட்டாள். ஆனால் இன்று அவள் முகத்தில் வழக்கமான உற்சாகம் இல்லை.

"அங்கிள், இவங்க ஜெபசெல்வி அக்கா. எங்க கல்லிதான், நாலு வீடு தள்ளி. ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு மருந்து குடுக்கிற வேலை. இவங்க மேல பழி விழுந்திருக்கு."

ஜெபசெல்வி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள் போல, தடங்கலில்லாமல் சொன்னாள்.

ஏழாம் வகுப்பு ஸ்வீட்டிக்கு வலிப்பு நோய். தினம் இரண்டு மாத்திரை. இரவு மாத்திரையை அவள் அம்மா சேசம்மாள் கொடுப்பாள். பள்ளி காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடும். வெறும் வயிற்றில் மருந்து கூடாது என்பதால், பத்து மணி இடைவேளையில் டப்பாச் சாப்பாட்டை முடித்ததும் பகல் மாத்திரையைப் பள்ளியிலேயே கொடுக்க ஏற்பாடு. போன வியாழக்கிழமை இடைவேளை முடிகிற நேரத்தில் மாடிப்படித் திருப்பத்தில் ஸ்வீட்டி வலிப்பு வந்து விழுந்தாள். வலிப்பு நிற்கவே இல்லை. இன்றோடு ஐந்தாம் நாள், ஐசியூவில் இன்னும் கண் திறக்கவில்லை.

"ரத்தத்துல மருந்து பாதிதான் இருக்குதாம் சார். ராத்திரி மாத்திரை உள்ள போயிருக்கு, ஸ்கூல் மாத்திரை ரொம்ப நாளா போகலன்னு டாக்டர் சொல்லிட்டாவ. அப்ப நான் குடுக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கேன்னு சொல்லுதாவ. நாளைக்கு நாலு மணிக்கு மீட்டிங். ஒத்துக்கிட்டு எழுதிக் குடு, இல்லன்னா போலீஸுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறது பாத்திரக் கடை இசக்கிமுத்து அண்ணாச்சி. பெற்றோர் சங்கத் தலைவர் அவருதான்."

"நீங்க குடுத்தேளா?"

"எங் கையால குடுத்தேன் சார். வாயில போட்டா, தண்ணி குடிச்சா, தேங்க்யூ ஆன்ட்டின்னா, போனா. தினமும் அப்படித்தான். பதினாலு வருச வேல, அது போனாப் போகட்டும். பிள்ளையக் கொல்லப் பாத்தவன்னு கல்லியில விரல நீட்டுதாவ. அத எங்க கொண்டு கழுவ?"

சங்கரன் சட்டையை மாட்டினார். பிறகு குடையை எடுத்தார்.

பள்ளித் தலைமையாசிரியை விஜயலக்ஷ்மியின் அப்பாவும் சங்கரனும் ஒரே ஆபீசில் இருந்தவர்கள். அதனால் மருந்து பீரோ மறுபேச்சில்லாமல் திறக்கப்பட்டது. கதவின் உட்புறத்தில் விதிகளைத் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தார்கள். டாக்டர் சீட்டும் பெற்றோர் கையெழுத்திட்ட படிவமும் இல்லாமல் எந்த மருந்தும் வாங்கக் கூடாது. பெயர் தெரியும் அட்டையோடுதான் வர வேண்டும். பீரோ பூட்டியிருக்க வேண்டும். கொடுத்ததும் நேரம் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி விதியைச் சங்கரன் விரலால் தொட்டுப் படித்தார். மாணவர் விழுங்கியபின் வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

விஜயலக்ஷ்மி டெலிபோனை எடுக்க உள்ளே போனதும் அவர் ஜெபசெல்வியைத் திரும்பிப் பார்த்தார்.

"சின்னதுகளுக்குப் பாப்பேன் சார்," என்றாள் அவள் தணிந்த குரலில். "ஸ்வீட்டி சமைஞ்ச பிள்ள. வாயத் தொற, நாக்கத் தூக்குன்னா கூச்சப்படும்லா? நாலு பேரு முன்னால கேக்க மனசு வரல."

சங்கரன் பீரோவிலிருந்து மருந்து ரிஜிஸ்டரை எடுத்துச் சஃபீனாவிடம் நீட்டினார்.

சஃபீனா ரிஜிஸ்டரை ஒரே மூச்சில் புரட்டினாள். ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியிருந்தால் மையும் சாய்வும் காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பினாள். ஆனால் நாளுக்கொரு பேனா, நாளுக்கொரு டீச்சரின் சாட்சிக் கையெழுத்து. அட்டையில் மிச்சமிருந்த மாத்திரையும் கணக்குக்குச் சரியாக இருந்தது. பக்கத்திலிருந்த முதலுதவி நோட்டையும் ஏமாற்றத்தோடு புரட்டினாள். கடைசி ஒரு மாதத்தில் நாலே வரிகள். முழங்கால் சிராய்ப்பு. மூக்கில் ரத்தம். மூன்று வாரத்துக்கு முன், ஏழாம் வகுப்பு தமன்னா, கழிப்பறையில் வழுக்கி விழுந்து நாக்கின் ஓரத்தில் காயம், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள், அப்பா வந்து அழைத்துப் போனார். பென்சில் முனை குத்தல்.

"இதுல ஒண்ணுமில்ல அங்கிள்," என்று மூடினாள். சங்கரன் அதை வாங்கி மறுபடி திறந்து நிதானமாகப் படித்தார்.

வகுப்பாசிரியர் ஜெப்ரி இளைஞர். அன்று நடந்ததை அவரே சொன்னார்.

"ஸ்டாஃப் ரூம் கதவ யாரோ படபடன்னு தட்டினாங்க சார். தொறந்தா ஆளில்ல. வெளிய வந்து பாத்தா, படித் திருப்பத்துல ஸ்வீட்டி வெட்டி வெட்டி இழுத்திட்டிருக்கா. ஒருக்களிச்சுப் படுத்திருந்தா. தலைக்கடியில அவ பையே இருந்தது. கையில காம்பஸ இறுக்கிப் பிடிச்சிருந்தா. குத்திடப்போகுதுன்னு நான்தான் கஷ்டப்பட்டு விரலப் பிரிச்சு எடுத்தேன்."

"உள்ளங்கையில காயம் உண்டா?" என்றார் சங்கரன்.

"ஒரு கீறல்கூட இல்ல சார்."

ஸ்வீட்டியின் பை இன்னும் ஆசிரியர் அறையிலேயே இருந்தது. சங்கரன் ஜியாமெட்ரி பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு காம்பஸ் தன் இடத்தில் ஒழுங்காகப் படுத்திருந்தது. ரப்பர் வைக்கும் சின்னக் குழியில் ரப்பர் இல்லை. ஈரத்தோடு வைத்து உலர்ந்த வெள்ளைக் கறை அடியில் படர்ந்திருந்தது.

"அவ கையில இருந்த காம்பஸ் எங்கே?"

"என் டிராயர்ல சார். ரெண்டு எதுக்கு வெச்சிருந்தாளோ, பாவம்."

"வியாழக்கிழமைக்கு அப்புறம் உங்க வகுப்பில் காம்பஸ் இல்லாம வந்தது யாரு?"

ஜெப்ரி யோசிக்கவே இல்லை. "தமன்னா. ஸ்வீட்டிக்குப் பக்கத்து சீட். தொலைச்சிட்டேன்னா. சனிக்கிழமை வெளிய நிக்க வெச்சேன்." சொன்னபின்தான் தன் வார்த்தை தனக்கே உறைத்தது போல நிறுத்தினார். "இசக்கிமுத்து சாரோட பொண்ணு."

திரும்பும் வழியில் சஃபீனா கேள்விகளைக் கொட்டினாள். அந்தப் பெண்தான் தள்ளிவிட்டாளா? சண்டையா? சங்கரன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க வீட்டுப் பக்கம் யாருக்காவது வலிப்பு வந்தா என்னம்மா பண்ணுவா?"

"சாவிக்கொத்தக் கையில குடுப்பாங்க. இரும்பு பட்டா நிக்கும்னு. ஒரு பிரயோஜனமும் கிடையாது அங்கிள், டாக்டர் யாரும்..." சஃபீனா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். குடை சாய்ந்து தோள் நனைந்தது அவளுக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குத் தலைமையாசிரியை அறையில் விளக்கைப் போட வேண்டியிருந்தது, வெளியே அவ்வளவு இருட்டு. ஜெப்ரி சுவரோரம் நின்றார். ஸ்வீட்டியின் அம்மா சேசம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். கண் திறந்தாலும் பிள்ளை பழையபடி பேசுவாள் என்று சொல்ல முடியாது என்று அன்று காலைதான் டாக்டர் சொல்லியிருந்தார். சங்கரன் சொன்னபடி தமன்னாவைப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் அப்பாவுக்கு அது தெரியாது. ஜெபசெல்வி மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னத்துக்கு இழுக்கணும்?" என்றார் இசக்கிமுத்து. "தப்ப ஒத்துக்கிட்டு எழுதிக் குடுக்கட்டும். நம்ம பிள்ளைகள நம்பி விட்டா இப்படித்தான் பண்ணுவாவளா?"

"ரெண்டு நிமிஷம்," என்றார் சங்கரன். "மாத்திரை பீரோவிலேருந்து ஸ்வீட்டி கைக்கு வந்திருக்கு. அட்டையும் சொல்றது, ரிஜிஸ்டரும் சொல்றது, சாட்சிக் கையெழுத்துப் போட்ட டீச்சர்களும் சொல்றா. ஆனா வயத்துக்குப் போகலை. நடுவுல இருக்கறது வாய் ஒண்ணுதான். நாக்குக்கடியில் ஒதுக்கி வெச்சுண்டு வெளியில வந்து எடுத்திருக்கா. அவ ஜியாமெட்ரி பெட்டியில ரப்பர் குழியில அந்தக் கறை இருக்கு."

"மருந்து பிடிக்காத பிள்ளைங்க துப்பறதுண்டு," என்றார் விஜயலக்ஷ்மி.

"துப்பற குழந்தை சாக்கடையில துப்பும். பெட்டியில பத்திரமா வெச்சுக்காது. யாருக்கோ குடுக்கத்தான் வெச்சிண்டிருக்கா. மாத்திரையை யாருக்குக் குடுப்பா? அது தேவைப்படறவாளுக்குத்தான்."

ஜெப்ரி எடுத்து வைத்திருந்த காம்பஸைச் சங்கரன் மேசையில் வைத்தார்.

"ஸ்வீட்டி கையில இன்னொருத்தர் காம்பஸ் இருந்தது. கூர்முனையைப் பிடிச்சிண்டே படியில உருண்டிருந்தா உள்ளங்கை கிழிஞ்சிருக்கும். கீறல் இல்லை. விழுந்ததுக்கப்புறம் யாரோ வெச்சு விரலை மூடியிருக்கா. தலைக்குப் பையை அண்டக் குடுத்து, ஒருக்களிச்சுப் போட்டு, இரும்புக்குக் கையில கிடைச்சதை வெச்சிருக்கா. வலிப்பைப் பார்க்காத பிள்ளைன்னா அலறிண்டு ஓடும். இது வீட்டுல பெரியவா செய்யறதைப் பார்த்துப் பழகின பிள்ளை. கதவைத் தட்டிட்டு ஏன் ஓடணும்? நின்னா, உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேப்பா."

இசக்கிமுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு கழிப்பறையில வழுக்கி விழுந்ததா முதலுதவி நோட்டுல இருக்கு. வழுக்கினா முழங்கை அடிபடும், முட்டி அடிபடும். நாக்கோட ஓரம் கடிபடறது வலிப்புல. இசக்கிமுத்து, அன்னிக்கு உங்க பொண்ணை அழைச்சிண்டு போனது நீங்கதானே?"

"எம் மவளுக்கு ஒண்ணும் கிடையாது!" இசக்கிமுத்து எழுந்துவிட்டார். "காலிபீலி வீணா என்னத்தையாவது சொல்லாதீரும். மூத்தவளுக்குச் சான்பாடாவுல சம்பந்தம் பேசி முடிச்சிருக்கு. அடுத்த மாசம் கல்யாணம்."

அவர் சொன்ன வேகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்று சஃபீனா நினைத்தாள். நினைத்த மறுகணம் அப்படி நினைத்ததற்கு வருத்தப்பட்டாள்.

விஜயலக்ஷ்மி பக்கத்து அறைக் கதவைத் திறந்தார். சினிமா மோகத்தில் வைத்த பெயருக்குச் சம்பந்தமே இல்லாமல், எலும்பும் தோலுமாக ஒரு பிள்ளை வாசலில் நின்றது. அப்பாவின் குரல் அந்த அறை வரை கேட்டிருக்க வேண்டும்.

"வீட்ல ராத்திரி எனக்கும் அதே மாத்திரைதான் குடுப்பாங்க," என்றாள் தமன்னா தரையைப் பார்த்து. "டாக்டர் ஸ்கூல்லயும் ஒண்ணு சாப்பிடச் சொன்னார். ஃபாரத்துல எழுதினா எல்லாருக்கும் தெரிஞ்சிடும், அக்கா கல்யாணம் நின்னுடும்னு அம்மா அழுதாங்க. பாத்ரூம்ல நான் விழுந்தப்போ ஸ்வீட்டி பாத்துட்டா. எனக்கு ராத்திரி ஒண்ணு இருக்குல்ல, பகல்ல உனக்குன்னு சொன்னா. நான் வேணாம்னேன். தினமும் குடுத்தா."

சேசம்மாள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இசக்கிமுத்துவின் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, எம் பிள்ள அவ மருந்த உம்ம மவளுக்குக் குடுத்திருக்கா. நீரு ஒரு கையெழுத்துக் குடுக்கக் கூடாதா?"

இசக்கிமுத்து பொத்தென்று உட்கார்ந்தார். சங்கரன் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினார். "அஞ்சு நாளா இந்தக் குழந்தைக்குப் பகல் மருந்து இல்லை. இன்னிக்கே டாக்டர்கிட்ட அழைச்சிண்டு போங்கோ." எழுத்துத் தெரியாதவர் போல அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டார்.

விஜயலக்ஷ்மி போலீஸுக்கு எழுதி வைத்திருந்த புகாரை இரண்டாகக் கிழித்தார். "ஜெபசெல்வி, உங்க மேல தப்பில்லன்னு நானே கமிட்டிக்கு எழுதறேன். நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க." சஃபீனாவுக்கு மூச்சு வந்தது. கடைசி விதியைப் பற்றிச் சங்கரன் வாயே திறக்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழியாவது இறங்கியதே என்று அவளுக்கு இருந்தது.

அப்போதுதான் தமன்னா நிமிர்ந்து, யாரிடம் என்றில்லாமல் கேட்டாள்.

"நான் வாங்கித் தின்னதாலதான் ஸ்வீட்டி விழுந்தாளா?"

சேசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சஃபீனா சங்கரனைப் பார்த்தாள். சங்கரன் மேசையைப் பார்த்தார். உண்மையைச் சொல்வதே அவர் தொழில். ஆனால் அந்த உண்மையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆயுசு முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கும்.

ஜெபசெல்வி மூலையிலிருந்து எழுந்து வந்தாள். தமன்னாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உன்னால இல்ல பிள்ள. மருந்து குடுத்தா வாயத் தொறக்கச் சொல்லிப் பாக்கணும். அது எஞ் சோலி. நான் ஒரு நாளும் பாக்கல. பாத்திருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்கும். ரெண்டு பேருக்கும் மருந்து கெடச்சிருக்கும். தப்பு எம்மேலதான். கேட்டியா?"

"ஜெபசெல்வி!" விஜயலக்ஷ்மி பதறினார். "யோசிச்சுப் பேசுங்க. எல்லார் முன்னாடியும் சொல்றீங்க. சொன்னா நான் எழுதியாகணும். வேலை போயிடும்."

"எழுதுங்க டீச்சர்," என்றாள் ஜெபசெல்வி, பிள்ளையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அவ பாக்கும்படியா எழுதுங்க."