அஷ்ரஃபியா இறக்கத்தில் ஒரு சீட் பெல்ட்

மாலை 7.20. நோன்பு திறக்க இன்னும் சில நிமிடங்கள்.

அந்த நேரத்தில் அம்மான் நகரில் தெருவில் யாரும் இருப்பதில்லை. எல்லோரும் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, கையில் பேரீச்சம்பழத்தை உருட்டிக்கொண்டு, பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்குக் காதைக் கொடுத்திருப்பார்கள். அஷ்ரஃபியா மலையின் அந்தச் செங்குத்தான தெருவும் வெறிச்சோடித்தான் கிடந்தது. கீழே, இறக்கம் முடிந்து தரை சமமாகும் இடத்தில், ரொட்டிக்கடைச் சுவரை ஒட்டி கதாயிஃப் அப்பம் சுடுகிற அபூ நிஸார் மட்டும் கடைசி ஈட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு ஜனங்கள் ஓடி வந்தபோது, ஒரு பழைய சாம்பல் நிறக் கார் அவருடைய அடுப்பின் மேல் ஏறி, சுவரில் மூக்கைப் பதித்து நின்றது. கண்ணாடி முழுக்க மாவு. அபூ நிஸாரின் இரண்டு கால்களும் தோசைக்கல்லுக்கு அடியில்.

ஓட்டுநர் இருக்கையில் ஓர் இளைஞன் மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தான். சீட் பெல்ட் மார்பை இறுக்கிப் பிடித்திருந்தது. கொக்கி நசுங்கி, கழற்ற வரவில்லை. ரொட்டிக்கடைக்காரர் அபூ ஸக்கி மாவு வெட்டுகிற கத்தியால் பெல்ட்டை அறுத்து அவனை வெளியே இழுத்தார்.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. யாரும் பேரீச்சம்பழத்தை வாயில் போடவில்லை.

மூன்றாம் நாள் காலை. போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு.

கேப்டன் ஜான்சத்துக்குத் தலை வலித்தது. காபி கிடையாது, சிகரெட் கிடையாது, சூரியன் சாய இன்னும் ஒரு யுகம் இருந்தது. நிபுணரின் அறிக்கை வேறு மேஜையில் கிடந்து எரிச்சலைக் கிளப்பியது. 'மோதலில் பிரேக் குழாய்கள் அறுந்துவிட்டன. மோதலுக்கு முன் அவை எப்படி இருந்தன என்று சொல்ல இயலாது.'

"இதைச் சொல்ல ஒரு நிபுணர்," என்றாள்.

"அவரும் நோன்புதானே மேடம்," என்றார் ஏட்டு காஸி.

எதிரே அந்த இளைஞன். கழுத்தில் பெல்ட் உரசிய தடம் இடது தோளிலிருந்து சட்டைக்குள் இறங்கியது.

"பேரு?"

"முன்தஸிர்."

"ஊரு?"

"மஃப்ரக்."

"மஃப்ரக்காரனுக்கு அஷ்ரஃபியா மேட்டுல என்ன வேலை?"

"கல்யாணம் வருது மேடம். வாடகைக்கு வீடு பாக்க வந்தேன். வீட்டுக்காரர் இல்ல. சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துலேர்ந்து தெருவோட மேல்பக்கம் காரை நிறுத்திட்டு, உள்ளேயே சீட்டைச் சாய்ச்சுப் படுத்துத் தூங்கிட்டேன்."

"அப்புறம்?"

"முழிச்சுப் பாத்தா பாங்கு சொல்லப்போற நேரம். கிளம்பலாம்னு நிமிர்ந்தேன். பெல்ட்டைப் போட்டேன். சாவியைக்கூடத் திருப்பல. வண்டி தானா உருள ஆரம்பிச்சுது. பிரேக்கை மிதிச்சா கால் தரைவரைக்கும் போகுது."

"ஹேண்ட்பிரேக்?"

"போட்டுத்தான் இருந்தேன். ஆர்மீனியன் சர்கிஸ் பட்டறையில அதுக்கு முந்தின நாள்தான் பிரேக் வேலை செஞ்சுக்கிட்டேன். ஹேண்ட்பிரேக் கேபிளும் அவன் மாத்தினதுதான். என்ன பண்ணினானோ."

"சாவி திருப்பறதுக்கு முன்னாடியே பெல்ட்டா?"

முன்தஸிர் நெஞ்சை நிமிர்த்தினான். "நான் எப்பவும் அப்படித்தான் மேடம். முதல்ல பெல்ட். அதுக்கப்புறம்தான் சாவி. சட்டத்தை மதிக்கறவன் நான்."

"இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான் போல," என்று முணுமுணுத்தார் காஸி.

11.00. காவல் அறை.

மெக்கானிக் சர்கிஸ் கம்பிக்குப் பின்னால் நின்றார். ஐம்பதைத் தாண்டியவர். அழவில்லை, கெஞ்சவில்லை. எரிந்து விழுந்தார்.

"எத்தனை தடவைம்மா சொல்றது? கேபிள் புதுசு. பிரேக் கட்டை புதுசு. நானே ஓட்டிப் பாத்துத்தான் சாவியைக் கொடுத்தேன்."

"சாட்சி இருக்கா?"

"பிரேக் பிடிச்சதுக்கு யாரு சாட்சி வெச்சுக்கறா? பிடிக்கலைன்னாத்தான் ஊரே சாட்சி சொல்லும்."

ஜான்சத் அதையும் எழுதிக்கொண்டாள்.

"இன்னிக்கு நோன்பு திறந்ததும் அந்தப் பையனோட குலத்துப் பெரியவங்க சமாதானம் பேச ஜாஹா போறாங்களாம்," என்றார் சர்கிஸ். "அபூ நிஸார் தம்பி வீட்டுக்கு. எல்லாம் பேசி முடிச்சாச்சு. பையன் மேல தப்பில்ல, மெக்கானிக் மேலதான் தப்புன்னு சொல்லிச் சமாதானம் கேப்பாங்க. அவங்களும் சரின்னுடுவாங்க. காபியைக் குடிச்சு எழுந்துட்டா, அதுக்கு மேல நான் சொல்றது யார் காதுல விழும்? எனக்காக ஜாஹா வர யார் இருக்கா? ஒரு பாதிரியாரும், ரெண்டு உதிரி பாகக் கடைக்காரங்களும்."

"கோர்ட்டு இருக்கு."

"கோர்ட்டு இருக்கு. அதுவரைக்கும் என் பட்டறை இருக்குமா? நேத்தே மூணு வாடிக்கைக்காரங்க வந்து அவங்க வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்களாம்."

பிற்பகல் 4.00. அஷ்ரஃபியா.

அந்த இறக்கத்தில் படி கட்டியிருக்க வேண்டும். யாரோ அவசரத்தில் தார் போட்டுவிட்டார்கள். இரண்டு பக்கமும் கீழ்நோக்கி நின்ற கார்கள் ஒவ்வொன்றின் சக்கரத்துக்கு அடியிலும் ஒரு கல்.

முன்தஸிர் காட்டிய இடத்திலேயே போலீஸ் காரை நிறுத்தச் சொன்னாள் ஜான்சத். காஸி இறங்கி, ஒரு கல்லைத் தேடி எடுத்து முன் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். பிறகு இருவரும் ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள்.

"அன்னிக்கு இங்க சாம்பல் நிறக் கார் நின்னுதா?"

"யாரு கண்டா? அடுப்படியில இருந்தேன்."

"நின்னிருக்கும். நின்னிருக்காது."

"நோன்பு வெச்சவகிட்ட வந்து கார் கணக்கு கேக்கறியே தாயி."

ஒருவரும் பார்த்திருக்கவில்லை. கீழே நடந்து ரொட்டிக்கடைக்குப் போனார்கள். அபூ ஸக்கிக்கு வேறு புகார்கள் இருந்தன.

"வந்ததுதான் வந்தீங்க, இதையும் எழுதிக்குங்க. இந்தத் தெருக்காரங்க ஒருத்தர் பாக்கியில்லாம தினம் காலைல என் கடை வாசல்ல வந்துதான் வண்டியை நிறுத்துவாங்க. ரொட்டி வாங்கவா? இல்ல. பெல்ட் போட. போட்டுட்டுப் போயிடுவாங்க. என் வாடிக்கைக்காரன் நிக்க இடமில்ல."

"மேலயே போட்டுட்டு வந்தா என்னவாம்?"

"கேட்டாச்சு. சிரிக்கறாங்க."

"அதை அப்புறம் பாப்போம் சாச்சா. அந்தப் பையனோட பெல்ட்டை அறுத்தது நீங்கதானே? எப்படி இருந்துது? முதுகுக்குப் பின்னாடி மாட்டி வெச்சிருந்தானா?"

"வண்டியில பீப் சத்தம் வராம இருக்கறதுக்காகப் பின்னாடி மாட்டிக்கறாங்களே, அப்படியா? இல்ல. நெஞ்சு மேலதான். கத்தி நுழையக்கூட இடமில்லாம இறுக்கிப் பிடிச்சிருந்துது."

மேட்டில் ஏறி மறுபடி காருக்கு வந்தபோது இருவருக்கும் நாக்கு வறண்டிருந்தது. தண்ணீர் குடிக்க இன்னும் மூன்று மணி நேரம். ஜான்சத் ஓட்டுநர் இருக்கையில் சரிந்து, பெல்ட்டை இழுத்தாள்.

வரவில்லை.

வெடுக்கென்று இழுத்தாள். ஒரு விரல் நீளம் வந்து நின்றது. விட்டுவிட்டு மறுபடி இழுத்தாள். அவ்வளவுதான்.

"மெதுவா மேடம்," என்றார் காஸி. "வேகமா இழுத்தா பூட்டிக்கும். பூனைக்குட்டியைத் தூக்கற மாதிரி இழுக்கணும்."

பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி இழுத்தாள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நூல் நூலாக இழுத்தாள். வரவில்லை.

"இந்த வண்டியைப் போன மாசம்தான் சர்வீஸ் பண்ணினாங்க. அரசாங்க வண்டின்னா எவனும் பாக்கறதில்ல." அவளுடைய முகம் சிவந்துவிட்டது. "உன் பக்கம் இழு."

காஸி இழுத்தார். அதுவும் வரவில்லை.

"ரெண்டும் கெட்டுப்போச்சா? ஒரே நாள்லயா?"

ஜான்சத் அதற்குமேல் திட்டவில்லை. பெல்ட்டைப் பிடித்த கை அப்படியே நிற்க, முன் கண்ணாடி வழியாகக் கீழே தெரிந்த ரொட்டிக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்லை எடுத்துட்டு ஏறு," என்றாள். "பெல்ட் வேண்டாம். மெதுவா கீழே போவோம்."

ரொட்டிக்கடை வாசலில், சமதரையில், வண்டியை நிறுத்திப் பெல்ட்டை இழுத்தாள். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் வந்தது.

"இதோ, வந்துட்டாங்க," என்றார் அபூ ஸக்கி, கடைக்குள்ளிருந்து. "நீங்களுமா?"

இரவு 8.45. அதே தெருவின் நடுவில், அபூ நிஸாரின் தம்பி ஹிக்மத்தின் வீடு.

கூடத்தில் இருபது ஆண்கள். ஒரு பக்கம் மஃப்ரக்கிலிருந்து வந்த பெரியவர்கள், தலைத்துணியும் கறுப்பு அங்கியுமாக. எதிர்ப்பக்கம் ஹிக்மத்தும் அவன் உறவினர்களும். ஓரத்தில் முன்தஸிர். மஃப்ரக்காரர்களின் தலைவர் ஷேக் தியாப் தனக்கு ஊற்றிய காபிக் கோப்பையைத் தொடாமல் தரையில் வைத்திருந்தார். கேட்டது கிடைக்கும்வரை குடிக்க மாட்டார்.

"எங்க பையன் கையால நடந்துது, ஆனா அவன் குத்தம் இல்ல," என்றார் ஷேக். "குத்தம் பண்ணினவன் உள்ளே இருக்கான். எங்க பையன் மேல உங்களுக்கு மனத்தாங்கல் வேண்டாம்."

ஹிக்மத் பெருமூச்சு விட்டான். "ஷேக், உங்க காபியைக்..."

"ஒரு நிமிஷம்," என்றாள் ஜான்சத் வாசலில் நின்று.

இருபது தலைகள் திரும்பின.

"ஆம்பளைங்க பேசற இடம்மா இது," என்றார் ஒருவர்.

"ஆம்பளைங்களே பேசுங்க. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஷேக், உங்க காரு எங்க நிக்குது?"

"வெளியே. தெருவுல."

"எல்லாரும் தயவுபண்ணி எழுந்து அவங்கவங்க வண்டியில உக்காந்து பெல்ட் போடுங்க. போட முடிஞ்சா நான் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

"என்னம்மா விளையாட்டு இது?"

"ஐயா, காலைலேர்ந்து எனக்கு விளையாடத் தெம்பில்ல. வாங்க."

ஹிக்மத் முதலில் எழுந்தான். அண்ணன் கால் உடைந்து கிடக்கும்போது எதையும் பார்த்துவிட்டே முடிவு செய்யலாம் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வீட்டுக்காரன் எழுந்த பிறகு விருந்தினர்கள் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

தெருவிளக்கின் கீழே, மூக்கு கீழே பார்க்க நின்ற ஏழெட்டுக் கார்களுக்குள் மஃப்ரக்கின் பெரிய மனிதர்கள் பெல்ட்டோடு மல்லுக்கட்டினார்கள்.

"வர மாட்டேங்குதே."

"என் வண்டி புதுசு. இதுல கோளாறே கிடையாது."

"அங்கி மாட்டிக்கிச்சோ என்னவோ."

"சித்தப்பா, மெதுவா இழுங்க."

"மெதுவாத்தான்டா இழுக்கறேன், கண்ணு தெரியல?"

ஷேக் தியாப் இரண்டு கையாலும் இழுத்தார். தலைத்துணி நழுவி மூக்கில் விழுந்தது. இறங்கிவிட்டார்.

"சொல்லு. என்ன இது?"

"பெல்ட் சுருள்ற பெட்டிக்குள்ள ரெண்டு காவல் இருக்கு ஐயா. ஒண்ணு, பெல்ட்டை வெடுக்குன்னு இழுத்தா பூட்டும். மெதுவா இழுத்து அதை ஏமாத்திடலாம். இன்னொண்ணை ஏமாத்த முடியாது. ஒரு சின்னக் குழியில ஒரு இரும்புக் குண்டு உக்காந்திருக்கும். வண்டி திடீர்னு நின்னா குண்டு உருளும், ஒரு நெம்புகோலைத் தூக்கும், அது சக்கரத்தோட பல்லைப் பிடிச்சுக்கும். பெல்ட் வெளியே வராது. விபத்துல அதுதான் உயிரைக் காப்பாத்துது."

"விபத்து எங்கே? வண்டி சும்மாதானே நிக்குது?"

"சாஞ்சு நிக்குதே. வண்டி திடீர்னு நின்னுதா, தரை சாஞ்சிருக்கான்னு குண்டுக்குத் தெரியாது. இவ்வளவு இறக்கத்துல அது உருண்டுதான் கிடக்கும். அதான் இந்தத் தெருக்காரங்க எல்லாரும் கீழே சமதரைக்கு வந்து பெல்ட் போடறாங்க. மஃப்ரக் மேஜை மாதிரி ஊரு. உங்களுக்கு இது தெரிய வழியில்ல." முன்தஸிரைப் பார்த்தாள். "இவனுக்கும் தெரியல."

ஷேக்கின் மருமகன் ஒருவன் முன்னால் வந்தான். "வண்டி உருளும்போது போட்டிருப்பான்."

"இதே இறக்கத்துலதானே உருண்டுது? பெட்டி பூட்டித்தான் இருக்கும்."

"மோதினப்புறம் போட்டிருந்தா?"

"மோதின வேகத்துல பதிஞ்ச தடம் அவன் தோள்ல இருக்கு. சட்டையைக் கழட்டச் சொல்லட்டுமா?"

மருமகன் பின்னால் நகர்ந்தான்.

"பெல்ட் போட்டிருந்தான், அது நிச்சயம். இங்க நிறுத்தின வண்டியில போட்டிருக்க முடியாது, அதுவும் நிச்சயம். அப்ப வேற எங்கயோ சமதரையில போட்டுட்டு ஓட்டிக்கிட்டே வந்திருக்கான். வண்டி இந்தத் தெருவுல நிக்கவே இல்ல. தானா உருளவும் இல்ல. சட்டத்தை மதிக்கறவன்னு எனக்குக் காட்டறதுக்காக, கேக்காத பெல்ட்டை அவனே இழுத்துப் பேச்சுல போட்டான்."

ஷேக் தியாப் முன்தஸிரின் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"எங்கே போட்டே?"

முன்தஸிர் கழுத்துத் தடத்தின் மேல் சட்டைக் காலரை இழுத்துவிட்டான்.

"உன்னைத்தான்டா கேக்கறேன்."

"ஏழாவது சர்க்கிள் ரவுண்டானாவுல. அங்க போலீஸ் நின்னாங்க, அதனால போட்டேன்." என்றான். "மார்காவுல அக்கா வீட்டுல நோன்பு திறக்கணும். நேரமாச்சு. குறுக்கு வழின்னு இப்படி வந்தேன். பாங்குக்கு எத்தனை நிமிஷம் இருக்குன்னு போன்ல பாத்தேன் தாத்தா. நிமிர்ந்தா அடுப்பு தெரியுது. மிதிச்சேன். பிரேக் பிடிச்சுது. ஆனா பத்தல."

"பிரேக் பிடிச்சுது," என்றார் ஷேக், அந்த இரண்டு சொல்லையும் தனித்தனியாக.

அவர் வீட்டுக்குள் போனார். தரையிலிருந்த கோப்பையைக் குனிந்து எடுத்து, சிந்தாமல் ஹிக்மத்தின் கையில் கொடுத்தார்.

"இதைக் கொட்டிடு மகனே. அடுத்தவன் தலையை அடகு வெச்சுக் கேட்ட காபி இது. இவனைப் போலீஸ் கூட்டிட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் எங்க பேர்ல, எங்க குத்தத்தைச் சொல்லிக்கிட்டு மறுபடியும் வரோம். கதவைத் திறக்கறதும் திறக்காததும் உன் இஷ்டம்."

ஹிக்மத் கோப்பையை வாங்கிக்கொண்டான். "வாங்க," என்றான்.

ஜான்சத் அதற்குள் போனை எடுத்திருந்தாள். "சர்கிஸை வெளியே விடுங்க. ஆமா, இப்பவே. கையெழுத்தெல்லாம் நான் வந்து போடறேன். வண்டியில கொண்டுபோய் வீட்டுல விடுங்க."

ஷேக் வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஆர்மீனியர் வீடு எங்கம்மா?"

"இதே மலைதான் ஐயா," என்றார் காஸி. "இந்தத் தெருவோட உச்சியில. கார் எடுங்க, வழி காட்டறேன்."

"வேண்டாம். நடந்தே போறோம்." ஷேக் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டார். "அவர் வந்து இறங்கும்போது நாங்க வாசல்ல நிக்கணும். அந்தாளுக்கு யாரும் ஜாஹா வரலைன்னு இருக்கக் கூடாது. முன்தஸிர், முன்னாடி நட. ஏம்மா, அதுவரைக்கும் இவன் எங்ககூட வரலாம் இல்லையா?"

ஜான்சத் தலையசைத்தாள். பெரியவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, திட்டிக்கொண்டே அந்த மேட்டில் ஏற ஆரம்பித்தார்கள்.