ஹார்ப்பரின் வள்ளம்

கொட்டகை முழுக்க வார்னிஷ் மணந்தது. வரிசையாகக் கிடந்த படகுகளெல்லாம் எண்ணெய் தடவித் துடைத்து, சுற்றிக் கயிறு கட்டி, தொடாதே என்று அட்டை மாட்டி மினுங்கிக்கொண்டிருக்க, கடைசியில் கிடந்த கறுத்த வள்ளத்திலிருந்து மட்டும் கரையொதுங்கிய பாசி வெயிலில் அழுகும் நாற்றம் வந்தது. நித்தியானந்தன் மூக்கைச் சுளித்தான். வேறு யாருக்கும் அது மணந்ததாகத் தெரியவில்லை.

சிட்னியில், பரமட்டா ஆற்றோரம், 1974ஆம் ஆண்டுக் குளிர்காலத்து ஞாயிறு மத்தியானம். ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் தின்றுவிட்டுப் படுத்துறங்க வேண்டிய நேரத்தில், மேலதிகாரி ஹார்ப்பர் ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்திருக்கும் படகு மியூசியத்தைப் பார்க்க மனைவி கமலினியோடும் ஐந்து வயது மகள் யோகாவோடும் வந்திருந்தான். வராமல் இருக்க முடியாது. நல்ல மார்க்ஸ் எடுத்தும், தமிழருக்குக் கூடுதல் மார்க்ஸ் கேட்கும் சிலோன் அரசாங்கத்தின் தரப்படுத்தலால் பல்கலைக்கழகம் கிடைக்காமல் ஊரில் நிற்கும் தம்பிக்கு ஒரு வேலை தருவதாக ஹார்ப்பர் சொல்லியிருந்தார். காரியம் ஆகும்வரை கழுதையின் காலையும் பிடி என்பார்கள். அவன் மாதக் கணக்காகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இது உங்கள் ஆட்களின் வள்ளம். சிலோனுக்குக் கிழக்கே ஆளில்லாமல் மிதந்ததாம். கப்பல்காரன் ஒருவன் எடுத்து வந்து விற்றான். நீயும் இதெல்லாம் ஓட்டியிருப்பாய், என்ன?" என்றார் ஹார்ப்பர்.

கோப்பாயில் வாழைத்தோட்டத்துக்குள் வளர்ந்தவன் நித்தியானந்தன். வள்ளத்தில் கால் வைத்ததே இல்லை. உங்கள் ஆட்களாம். கோபம் வந்தால் அவனுக்குச் சிரிப்புத்தான் வரும், பாழாய்ப்போன சிரிப்பு. சிரித்தான்.

அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்ட ஹார்ப்பர் கேமராவைத் தூக்கினார். "குழந்தை முன்னால் இருக்கட்டும். நீ பின்னாலிருந்து துடுப்பைப் பிடி."

கமலினி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாமெண்டு சொல்லுங்கோவன். எனக்கு இது பிடிக்கேல்லை."

"சும்மா இரும். ஒரு படம்தானே."

ஹார்ப்பரே யோகாவைத் தூக்கி முன்பலகையில் வைத்தார். நித்தியானந்தன் பின்பக்கம் ஒரு காலை உள்ளே வைத்தான். வள்ளம் தாழ்ந்து, மெல்ல எழுந்தது. சீமெந்துத் தரையில் கிடக்கும் மரம் அப்படி எழாது. சட்டென்று காலை வெளியே எடுத்து, தான் பக்கத்தில் நிற்பதாகச் சொன்னான். பிள்ளையையும் தூக்கு, தூக்கு என்று மனம் அடித்துக்கொண்டது. ஹார்ப்பரோ லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தார். யோகா சிரித்துக்கொண்டிருந்தாள். அவனும் இளித்தபடி நின்றான்.

பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. கண் இருட்டிய அந்த நொடியில், துடுப்பு தண்ணீரை அள்ளி விடும் சத்தமும், பிறகு சொட்டுச் சொட்டாக வடியும் சத்தமும் மிகக் கிட்டத்தில் கேட்டன. பார்வை திரும்பியபோது யோகா கொஞ்சம் தள்ளி இருந்தாள். வள்ளம் இடம் மாறவில்லை. நீண்டிருந்தது.

"இன்னொன்று" என்றார் ஹார்ப்பர்.

"கமலினி, பிள்ளையைத் தூக்கும்."

கமலினி எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் நின்றாள். அவன் குரல் அவளுக்குக் கேட்கவில்லை.

மறுபடி வெளிச்சம். மறுபடி துடுப்பு. யோகாவின் சிவப்பு ஸ்வெட்டர் இப்போது ஒரு தீப்பெட்டி அளவுதான். அவனுக்கு எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது. ஹார்ப்பர் மேல், ஊரில் தம்பியின் படிப்பைக் கெடுத்தவர்கள் மேல், எல்லாவற்றையும்விட இளித்துக்கொண்டு நின்ற தன் மேல்.

"போதும். நிப்பாட்டு" என்று தமிழிலேயே கத்தினான். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து தொண்டையில் கிடந்த சொல். ஹார்ப்பர் நிமிரவில்லை. அடுத்த படத்துக்குக் குறி பார்த்தார்.

நித்தியானந்தன் ஓடினான். வள்ளத்தின் விளிம்பில் கையை வைத்தபடி ஓடினான். விளிம்பு முடியவில்லை. உள்ளங்கையில் சிராய் ஏறியது. ஓடினான். கொட்டகைச் சுவரைக் காணவில்லை. மற்றப் படகுகளைக் காணவில்லை. விளிம்பு மட்டும். ஓடினான்.

தூரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி.

அதற்கும் அவனுக்கும் நடுவில், வள்ளத்துக்குள், யாரோ இருந்தார்கள்.

முதுகு. சட்டை இல்லாத, வெளிறி ஊறிய, அகன்ற முதுகு. தோள் இறங்கியது. தோள் ஏறியது.

"யோகா. திரும்பிப் பார். அப்பா இஞ்ச நிக்கிறன்."

பிள்ளை திரும்பவில்லை. தண்ணீருக்கு மேலால் வரும் குரலாக, தெளிவாக, அவளுடைய சிரிப்பு வந்தது.

"டடி, ஃபாஸ்டர்" என்றாள், தன் பின்னால் இருந்ததிடம்.

அந்த முதுகு இன்னும் ஆழமாகக் குனிந்து துடுப்பை வலித்தது.