அடுப்பை முகரும் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் என் அடுப்புக்கு வரிசை கட்டிவிடுவார்கள். எங்கள் லைனில் பதினான்கு வீடுகள், கடைசி வீடு எங்களுடையது. முதலில் தன்ஷிகா அக்கா வருவாள், துப்பட்டாவுக்குள் கோழிக்கறியை மறைத்துக்கொண்டு. பின்னாலேயே ஒருத்தி முட்டையோடு, இன்னொருத்தி நெய்க்கிண்ணத்தோடு. என் அடுப்பில் வறுத்து, என் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிறகு குழாயடியில் வாயைக் கொப்பளித்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, மோந்து பார்த்துவிட்டுத்தான் அவரவர் வீட்டுக்குப் போவார்கள். தினம் எட்டு மணி நேரம் ஆலையில் நிற்கிற ஜனங்கள் இவர்கள். சொந்தக் காசில் வாங்கிய கோழியைத் திருடித் தின்பதுபோல் தின்றார்கள். பார்க்கவே எனக்கு எரிச்சலாக வரும்.

காரணம், அவர்கள் வீடுகளில் இருக்கும் முகர்மானி. கூலி போதாத உழைக்கும் குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் ‘நிறைவுத் தொகை’ தருகிறது. காகிதத்தில் பொய் எழுதலாம், அடுப்பு பொய் சொல்லாது என்று எந்தப் புத்திசாலிக்குத் தோன்றியதோ, தொகை வாங்கும் வீட்டுச் சமையல்கட்டில் எல்லாம் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு சென்சாரை மாட்டிவிட்டார்கள். நாங்கள் அதை மோப்பப்பெட்டி என்போம். கறி, நெய், மீன் வாசனை அடிக்கடி பட்டால் ‘தேவை குறைந்தது’ என்று தொகையை வெட்டிவிடும். எங்கள் வீட்டில் அது இல்லை. நான் தொகைக்கு மனு போடவே இல்லை.

என் கணவர் கவின் மனு போடச் சொல்லிச் சொல்லியே ஓய்ந்துவிட்டார். இருவரும் அவிநாசிப் பக்கம் பழந்துணியைப் பிரித்து நூலாக்கும் ஆலையில்தான் வேலை பார்க்கிறோம்.

“நாம கட்டற வரிதானே யாழினி? நம்ம பணம் நமக்கு வருது. இதுல என்ன கேவலம்?”

“ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டு, அப்பறமும் கை நீட்டறது கேவலந்தான். அதுக்கு மேல அடுப்படிய வேற ஒருத்தன் மோந்து பாக்கோணுமா?”

வாய் கிழியப் பேசினேன். ஞாயிறுதோறும் அவர்கள் எனக்கென்று எடுத்துவைக்கும் ஒரு கிண்ணம் குழம்பை மட்டும் நான் வேண்டாம் என்றதே இல்லை.

எங்கள் ஒன்பது வயது மகள் வெயினிக்கு மூச்சிரைப்பு. ஆலைத் தூசி எங்கள் துணியோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. இன்ஹேலர் மருந்து தீர்ந்துவிடும் என்று பயந்து, இரண்டு முறை உறிஞ்ச வேண்டியதை அவளே ஒருமுறையோடு நிறுத்திக்கொள்வாள். இரவில் அவள் நெஞ்சு விசிலடிப்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்போம். கூலி ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். இரண்டு வருடமாக ஏறவில்லை. ஆடி மாதம் லைனிலிருந்து நாங்கள் ஐந்து பேர் மேலாளரைப் பார்க்கப் போனோம்.

அவர் உட்காரச் சொன்னார், டீ கூடக் கொடுத்தார். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினார். எங்கள் லைன் வீடுகளின் ஆறு மாத வாசனை அதில் இருந்தது. சோறு, ரசம், மோர். மறுபடி சோறு, ரசம்.

“இது உங்களுக்கு எப்படிங்க வந்துச்சு?” என்றேன்.

“அரசாங்கம் ஆலைக்கும் அனுப்பும்மா. ஒரு குடும்பம் எவ்வளவுல பொழைக்குதோ, அதை வெச்சுத்தான் கூலி போடணும்னு போன வருசம் விதி வந்துருச்சு. எல்லாரும் ரொம்ப சிக்கனமா இருக்கீங்க. இந்தக் கூலியே மிஞ்சும்னு கணக்குச் சொல்லுது.” உண்மையிலேயே எங்களைப் பாராட்டுகிற முகம் அவருக்கு. அடுத்த மாதத்திலிருந்து கூலி இன்னும் கொஞ்சம் குறையும் என்பதையும் அதே முகத்தோடு சொன்னார். “உங்க வீட்டுல மட்டும் பெட்டி இல்ல போலிருக்கே. மனு போடுங்க. வர்றத எதுக்கு விடறீங்க?”

டீயைக் கீழே வைத்தேன். பதின்மூன்று வீட்டுக் கறியையும் நெய்யையும் என் ஒரு அடுப்பு விழுங்கியிருக்கிறது. உபகாரம் என்று நினைத்து எல்லோர் கூலியிலும் நானே மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன். என் கூலியும் சேர்த்துத்தான்.

வெளியே வந்ததும் தன்ஷிகா அக்காவிடம், “இனி எங்க வீட்டுல வறுக்க வேண்டாமுங்க்கா. அவங்கவங்க வீட்டுல வறுங்க. நாம என்ன திங்கறோம்னு அவனுக்குத் தெரியட்டும்” என்றேன்.

அக்கா கோபப்படவில்லை. “வறுத்தா தொகை போயிரும். வறுக்காட்டி கூலி போயிரும். கூலி ஏறுமான்னு தெரியாது, தொகை போறது நிச்சயம். நீயே சொல்லு கண்ணு, நான் எதை விடட்டும்?”

அந்த ஞாயிறு யாரும் வரவில்லை. யார் வீட்டிலும் வறுக்கவும் இல்லை. வரிசையாகப் பதின்மூன்று வீட்டிலும் ரசம் கொதித்தது. அன்று இரவு வெயினிக்கு மூச்சு முட்டி, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். திரும்பி வந்ததும் கவின் போனில் மனுவைத் திறந்து என் முன்னால் நீட்டினார். விரலை வைத்தேன். முன்பே வைத்திருக்க வேண்டும். என் ரோஷத்துக்கு என் பிள்ளை அல்லவா மூச்சை அடகு வைத்திருந்தாள்!

பெட்டி வந்தது. தொகையும் தவறாமல் வந்தது, பொய் சொல்லக் கூடாது. வெயினி இரண்டு முறை மருந்தை உறிஞ்சினாள். இரவில் விசில் நின்றது. நாங்கள் ரசம் வைத்தோம்.

இரண்டு மாதம் கழித்து, கூடப் படிக்கும் பெண்ணின் பிறந்தநாள் விருந்துக்குப் போன வெயினி வெகுநேரம் வீட்டுக்குள் வரவில்லை. கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தேன். குழாயடியில் குந்தியிருந்தாள். துணி துவைக்கும் சோப்பை விரலில் தேய்த்து, நாக்கை வெளியே நீட்டி, வறட்டு வறட்டென்று தேய்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. வாயோரம் நுரை.

“என்னடி பண்ற?”

“அங்க பிரியாணி போட்டாங்கம்மா. வேண்டாம்னுதான் சொன்னேன், அப்பறம் தின்னுட்டேன்.” எழுந்து என் அருகில் வந்தாள். “ஊதறேன், பாரு. வாசம் வருதா? வந்தா நான் இங்கயே உக்காந்துக்கறேன்.”

வாயைத் திறந்து என் முகத்தில் ஊதினாள். நீளமாக, தடங்கல் இல்லாமல், கொஞ்சம்கூட இரைக்காமல் வந்தது மூச்சு. இந்த ஒரு மூச்சுக்காகத்தானே எல்லாம். வாரி அணைத்திருக்க வேண்டும் நான்.

குனிந்து மோந்து பார்த்தேன்.

“இன்னொருக்கா கழுவு கண்ணு” என்றேன்.