கழித்துவிட்ட தங்கம்

"ஏண்ணா, நீ பூசுற தங்கம் அந்த மிஷின்ல தெரியாதா?"

"தெரியும். ரிப்போர்ட்டுல மட்டும் கழிச்சுடுவாங்க."

"ஏன்?"

"பொடியில இன்னா கீதுன்னுதானே பாக்கணும்? நான் பூசினது யாருக்கு வேணும்? கல்யாண வூட்டு சமையக்காரன் மாதிரி பாப்பா. அவன் இல்லாம பந்தி இல்ல. ஆனா போட்டோல இருக்க மாட்டான்."

2002இல், கல்பாக்கம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே பூபாலன் சொன்னது இது. சொல்லிவிட்டு அவனே சிரித்தான். தங்கை ஜெனிஃபர் அண்ணனின் சிரிப்பைப் பார்த்ததெல்லாம் அடுத்த வருஷம்வரைதான்.

2003, ஜூன் 12. காலை 10.20.

திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு தனியார் கல்லூரி. பூபாலன் தங்கம் பூசும் வேலை பார்த்த அதன் ஆய்வகத்தில் ஆண்டுச் சரிபார்ப்பு நடந்துகொண்டிருந்தது. மின்சாரம் கடத்தாத பொடிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைக்கும் முன் அவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய தங்கப் பூச்சு கொடுக்க வேண்டும். அதற்கான கருவிக்குள் சின்ன அப்பளம் போல ஒரு தங்கத் தகடு இருக்கும். சுத்தத் தங்கம். ஒரு சவரனுக்குக் கொஞ்சம் கூட. அந்தத் தகட்டைத் தராசில் வைத்தார்கள். பாதி எடைகூட இல்லை. யாரோ தங்கத்தை எடுத்துவிட்டு அதே அளவில் பித்தளைத் தகட்டை மாட்டியிருந்தார்கள்.

ஆய்வகப் பொறுப்பாளர் உலகநாதன் உடனே ஒரு தாளை நீட்டினார்.

"மே முப்பதாம் தேதி நானே அந்தத் தகட்டை மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்தேன். தங்கம்தான். இதோ பிரிண்ட். அதுக்கப்புறம் அதத் தொட்டது பூபாலன் ஒருத்தன்தான்."

அவ்வளவு போதுமாயிருந்தது. சாயங்காலம் பூபாலன் ஸ்டேஷனில் இருந்தான். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு இடது காது கேட்கவில்லை. வேலை போனது. வழக்கோ முடியாமல் இழுத்துக்கொண்டே போனது. மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் கல்லுக்குப் பாலிஷ் போடப் போனான். என்ன நடந்தது என்று யார் கேட்டாலும் வாய் திறக்கவில்லை.

"கர்த்தர் பாத்துக்குவாரு" என்றார் அப்பா ஞானதாஸ்.

"அவரு பாத்துகினு இருக்கட்டும். நானும் பாக்கறேன்" என்றாள் ஜெனிஃபர்.

எம்.எஸ்.ஸி. இயற்பியல் முடித்தாள். பெண் பார்க்க வந்தவனிடம் முதல் பேச்சே, "எனக்கு ஒரு ஆளப் பழி வாங்கணும். சரின்னா கட்டிக்கோ" என்பதுதான். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தி, சரி என்றான். 2006இல் கணவனின் இனிஷியலோடு அதே ஆய்வகத்தில் நுண்ணோக்கி ஆபரேட்டராகச் சேர்ந்தாள். அவள் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தினமும் காலையில் உலகநாதனுக்கு வணக்கம் சொன்னாள். விரலில் மோதிரத்தைச் சுற்றிக்கொண்டே, "நல்ல பொண்ணும்மா நீ" என்பார் அவர். அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பின் கசப்பு வீடு போய்ச் சேரும்வரை நாக்கிலேயே இருக்கும்.

2007, ஆகஸ்ட் 6. காலை 9.40.

"பழைய கம்ப்யூட்டரைத் தூக்கப் போறோம், ஜெனிஃபர். சி.டி.ல இருக்கறதெல்லாம் புதுசுல ஏத்திடும்மா" என்றார் துறைத்தலைவி ரமா. அவர் இரண்டு வருஷம் முன்புதான் இந்தக் கல்லூரிக்கு வந்தவர்.

ஜெனிஃபர் 2003ஆம் வருஷத்து சி.டி.யைத்தான் முதலில் போட்டாள்.

எலக்ட்ரான் கற்றை பட்டால் ஒவ்வொரு தனிமமும் தனக்கென்றே உள்ள எக்ஸ் கதிரை வெளிவிடும். திரையில் அது ஒரு முகடாக எழும். எந்த இடத்தில் முகடு எழுகிறதோ, அதைக் கொண்டு பொருள் இன்னதென்று சொல்லிவிடலாம். சிலிக்காப் பொடியைச் சோதித்தால் சிலிக்கான், ஆக்சிஜன், கூடவே பூசிய தங்கம். அச்சுக்குப் போகும்போது தங்கத்தைக் கழித்துவிடுவது வழக்கம். கழிக்காத மூலப்பதிவு சி.டி.யில் தூங்கும். நான்கு வருஷமாக அதை யாரும் எழுப்பவில்லை.

பிப்ரவரியில் தங்கம் இருந்தது. மார்ச் 10, தங்கம். மார்ச் 11?

இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். மார்ச் 12இல் இல்லை. ஏப்ரலில் இல்லை. மே முழுக்க இல்லை. தங்கம் இருக்க வேண்டிய இடம் காலி. பதிலுக்குச் செம்பும் துத்தநாகமும் தலைநீட்டின. அதாவது பித்தளை.

தங்கத்தைக் கழித்துக் கழித்தே பழகியவர்கள் இவர்கள். இருக்கும்போது பார்க்காதவர்களுக்கு இல்லாதபோது மட்டும் எப்படித் தெரியும்?

குறிப்பேட்டைப் புரட்டினாள். மார்ச் 11: 'படம் கொஞ்சம் மங்கல். ஈரக்காற்று காரணம்.' அடியில் உலகநாதன் கையெழுத்து. மார்ச் 8 முதல் 22 வரை பூபாலன் விடுப்பு. அவளுக்குக் குறிப்பேடே தேவையில்லை. அந்த மார்ச் 9இல்தான் அண்ணன் மகள் பிறந்தாள். அண்ணி செங்கம்மாளுக்குக் காவலாக அந்த இரண்டு வாரமும் அண்ணன் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் கிடந்தான்.

ஆனால் உலகநாதன் தப்பிக்க ஒரு வழி இருந்தது. பொடியை ஒட்டி வைக்கும் விரல்நக அளவுக் குமிழுக்கு ஸ்டப் என்று பேர். அது பித்தளையில் செய்ததாக இருந்தால், பூச்சே போடாமல் பார்த்ததாகவும் செம்பும் துத்தநாகமும் அதிலிருந்தே வந்ததாகவும் அவர் சொல்லிவிடலாம்.

காலை 11.15. ஸ்டோர் கீப்பர் வாசுதேவன் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"சார், 2003ல ஸ்டப்பு பித்தளையா?"

"இல்லம்மா. செம்பு முகடு வந்து தொல்லை பண்ணுதுன்னு அந்த வருஷம் பொங்கலோட பித்தளையத் தலைமுழுகியாச்சு. எல்லாம் அலுமினியம்."

"பூச்சுக் கருவிக்கு எத்தன சாவி?"

"ரெண்டு. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு உலகநாதன்கிட்ட. பூச்சு போடறவன் எங்ககிட்ட வாங்கித்தான் தொறப்பான்."

"அந்த மார்ச் மாசம் நீங்க எங்க இருந்தீங்க?"

"இன்னாம்மா, இன்ஸ்பெக்டரு மாதிரி கேக்கற? மஞ்சக்காமாலைல படுத்த படுக்கையா கெடந்தேன். உலகநாதனே வூட்டுக்கு வந்து சாவிய வாங்கிகினு போனான். சந்தேகமா கீதா? அந்த வருஷ ரிஜிஸ்டர்ல பாரு."

பார்த்தாள். அவர் சொன்னது சரியாக இருந்தது. பித்தளையை நிறுத்தச் சொன்ன குறிப்பின் அடியில் உலகநாதன் கையெழுத்தும் இருந்தது.

பகல் 2.30. வழக்குக் கோப்பிலிருந்து மே 30 தாளின் நகலை எடுத்தாள். தங்கத்தின் முகடு கோபுரம் போல நின்றது. அதன் அடிவாரத்தில் இரண்டு குட்டி முகடுகள்: வெள்ளி, செம்பு. செம்புக்குப் பக்கத்தில் உலகநாதன் பென்சிலால் 'ஸ்டப்' என்று எழுதியிருந்தார்.

ஜெனிஃபர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மாமல்லபுரம் பட்டறைக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, கெளம்பி வா. அப்டியே வா, குளிக்கக்கூட வேணாம்."

மாலை 4.05. ரமாவின் அறை. உலகநாதன் நாற்காலியில் சாய்ந்து மோதிரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். வாசலோரம் கல்தூசி படிந்த தலையோடு நின்ற பூபாலனைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"இவன் எதுக்கு மேடம் உள்ள?"

"நான்தான் கூப்ட்டேன் சார்" என்றாள் ஜெனிஃபர். "எங்க அண்ணன்."

உலகநாதனின் விரல் மோதிரத்தின் மேலேயே நின்றுவிட்டது. ரமா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"சொல்லும்மா."

ஜெனிஃபர் மார்ச் 10, மார்ச் 11 பதிவுகளை அடுத்தடுத்து வைத்தாள். "மேடம், தகடு போனது மார்ச் 10க்கும் 11க்கும் நடுவுல. எங்கண்ணன் அப்ப லீவு. ரெண்டு சாவியும் இவருகிட்ட."

"செம்பு ஸ்டப்புலேருந்து வந்திருக்கும்" என்றார் உலகநாதன் சட்டென்று.

"பொங்கலுக்கப்புறம் அலுமினியம் சார். பித்தளைய நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதே நீங்கதான்."

"மே முப்பது பிரிண்ட்ல தங்கம் இருக்கே! அதுக்கு இன்னா சொல்ற?"

இந்தக் கேள்வி வரட்டும் என்றுதான் அவள் காத்திருந்தாள்.

"இருக்குது. கூடவே செம்பும் வெள்ளியும் இருக்குது. செம்பு பக்கத்துல பழக்க தோஷத்துல ஸ்டப்புன்னு எழுதிட்டீங்க. சரி, வெள்ளி எங்கேருந்து சார் வந்துது? எந்த ஸ்டப்புலயாவது வெள்ளி இருக்குமா? மேடம், தகடு சுத்தத் தங்கம். அதுல இது ரெண்டும் வராது. தங்கத்தோட செம்பும் வெள்ளியும் சேக்கறது நகைக்கு. சார் அன்னிக்கு வச்சுப் பாத்தது தகடு இல்ல. ஏதோ நகை."

ரமா அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அந்த மோதிரத்தக் கழட்டுங்க சார். மிஷின் ஓடிகினுதான் கீது. அஞ்சே நிமிஷம்."

"மேடம், இது அவமானம்."

"கழட்டுங்க, உலகநாதன்" என்றார் ரமா.

மோதிரம் லேசில் வரவில்லை. ஜெனிஃபர் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து தானே ஊற்றினாள். ஊற்றும்போது அவர் கண்ணை விட்டுத் தன் கண்ணை எடுக்கவில்லை. எல்லாரும் ஆய்வகத்துக்குப் போனார்கள். 4.20க்குத் திரையில் தங்கம் எழுந்தது. அடியில் வெள்ளி. தள்ளிச் செம்பு. மே 30 தாளை ரமா திரையோரம் பிடித்துப் பார்த்தார். ஒன்றின் மேல் ஒன்று வைத்தாற்போல் இருந்தன.

"மோதிரம் ஊர்ல எல்லாருக்கும்தான் இருக்கு. இது மட்டும் தனியா ஒண்ணையும் நிரூபிக்காது" என்றார் ரமா நிதானமாக. "ஆனா மார்ச்சுலேயே போன தகட்டை மே மாசம் பாத்தேன்னு ஒருத்தர்தான் எழுதிக் கொடுத்திருக்கார். ஏன் அப்படி எழுதினீங்க?"

உலகநாதன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"சபலம் மேடம். ஜூன்ல எடை போடுவாங்கன்னு தெரியும். பயத்துல... அவன் மேல..."

"ஒரு சவரனுக்காடா?" என்றாள் ஜெனிஃபர். மரியாதை அவளை அறியாமலே உதிர்ந்திருந்தது. "ஒரு சவரனுக்கு ஒரு மனுஷனோட காதா?"

ரமா போனை எடுத்தார். "போலீஸ் ஜீப் வரச் சொல்றேன்."

உலகநாதன் எழுந்து பூபாலனுக்கு முன்னால் கைகூப்பினார். "பூபாலா, எனக்கு வயசாயிடுச்சுப்பா. நீ நல்லவன். நீ சொன்னா மேடம் கேப்பாங்க. ஒரு வார்த்த சொல்லுப்பா."

பூபாலன் வலது காதைத் திருப்பி முழுவதையும் கேட்டான். ஜெனிஃபர் அண்ணன் பக்கமாக நகர்ந்தாள். மன்னித்துவிடுவானோ? நாலு வருஷமாக இவன் பேசாமல் இருந்ததே மனசு இளகிப் போனதால்தான் என்று அவளுக்கு ஒரு பயம் இருந்தது.

"மேடம், ஜீப்பு வேணாம்" என்றான் பூபாலன்.

"அண்ணா!"

"இரு பாப்பா." அவன் உலகநாதனைப் பார்த்தான். குரல் உயரவில்லை. "அன்னிக்கு என்னை ஜீப்புல ஏத்தல சார். கடைத்தெரு வழியா நடத்தி இட்டுகினு போனாங்க. துண்டால கையக் கட்டி. பள்ளிக்கூடம் வுடுற நேரம். நீங்க ஸ்கூட்டர்ல மெதுவா பின்னாலயே வந்தீங்க. இத நான் வூட்ல கூட சொல்லல. நாலு வருசமா உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நடந்து வாங்க சார். அதே கடைத்தெரு. இப்பவும் பள்ளிக்கூடம் வுடுற நேரம்தான். பின்னால நான் வரேன்."